மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்யும் வேலை: திட்டமிடுவதும் கணக்கு வைப்பதும்

வேலை தொடங்கிய மறுநாளே எல்லோரும் கேட்கும் கேள்வி, “எத்தனை லோடு போச்சு?” லோடை எண்ணுவது சுலபம், அதனால் கேட்கிறார்கள். ஆனால் நல்ல மண்ணை நூறு லாரி அள்ளினாலும் நிலம் துளிகூடச் சுத்தமாகாது. எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எவ்வளவு மாசு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பொறியாளரோ மேற்பார்வையாளரோ அந்தக் கணக்கை முதல் நாளிலிருந்தே எப்படி வைத்துக்கொள்வது என்று பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு, நிலத்தடித் தொட்டி கசிந்த பழைய பெட்ரோல் பங்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

படி 1: நிலத்தின் பழைய கதை

மண்வெட்டிக்கு முன்னால் காகிதம். பழைய வரைபடங்கள், வான்வழிப் படங்கள், உரிமங்கள், கிடைத்தால் அங்கே வேலை பார்த்தவர்களின் நினைவு, எல்லாவற்றையும் சேகரியுங்கள். நியூயார்க் மாநிலத்தின் லவ் கெனால் பகுதியில் ரசாயனக் கழிவு கொட்டி மூடிய இடத்தை 1953-ல் ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். பள்ளி வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. 1978-ல் அவசரநிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. கழிவு புதைத்த செய்தி பத்திரத்திலேயே இருந்தது என்பதுதான் கொடுமை.

பழைய கதை தெரிந்தால்தான் ஆய்வகத்திடம் எதைத் தேடச் சொல்வது என்று தெரியும். பெட்ரோல் என்றால் பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன். பழைய பங்க் என்றால் ஈயமும் சேரும். முலாம் பூசும் பட்டறை என்றால் குரோமியம், நிக்கல், சயனைடு. நீங்கள் கேட்காத பொருளை ஆய்வகம் தானாகத் தேடித் தராது.

படி 2: ஒரே தாளில் ஒரு படம்

மாசு எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது, யாரைப் போய்ச் சேருகிறது? இந்த மூன்றையும் ஒரு குறுக்குவெட்டுப் படமாக வரையுங்கள். கையால் வரைந்தாலும் போதும். தொட்டி, அதன் கீழே மண் அடுக்குகள், நிலத்தடி நீர் மட்டம், நீர் ஓடும் திசை, அந்தத் திசையில் இருக்கும் கிணறுகளும் வீடுகளும். மூன்றில் ஏதாவது ஒரு கண்ணியை அறுத்தால் ஆபத்து நிற்கும். எதை அறுக்கப்போகிறோம் என்பதுதான் திட்டம்.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, நீர் மட்டத்தின் மேல் மிதக்கும். டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் தண்ணீரைப் போல சுமார் ஒன்றரை மடங்கு அடர்த்தி கொண்டவை. நீருக்கு அடியில் இறங்கி, களிமண் அடுக்கின் மேல் போய்த் தேங்கும். அப்படிப்பட்ட இடத்தில் மேல்மட்டத்துக்கு மட்டும் கண்காணிப்புக் கிணறு போட்டால் ‘சுத்தம்’ என்றே முடிவு வரும். அறிக்கை அழகாக இருக்கும், மாசு கீழே இருக்கும்.

படி 3: எந்த எண்ணுக்கு வந்தால் முடிந்தது?

தோண்டுவதற்கு முன் இதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அமெரிக்காவின் சட்ட வரம்பு 5. மண்ணுக்கான அளவு நாட்டுக்கு நாடு மாறும், அந்த நிலத்தில் வீடு வரப்போகிறதா தொழிற்சாலை வரப்போகிறதா என்பதைப் பொறுத்தும் மாறும். எண் மட்டும் போதாது. ஒவ்வொரு மாதிரியும் வரம்புக்குள் இருக்க வேண்டுமா, சராசரி இருந்தால் போதுமா என்பதையும் கண்காணிக்கும் அரசு அமைப்பிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கடைசி வாரத்தில் சண்டை வருவது இந்த வரியைப் பற்றித்தான்.

படி 4: கட்டம் போடுங்கள், மாதிரி எடுங்கள்

நிலத்தை 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். சந்தேகம் அதிகமுள்ள இடத்தில் இன்னும் சிறியதாக. ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர்: அ1, அ2, ஆ1. மாதிரி எண்ணில் கட்டமும் ஆழமும் வரிசை எண்ணும் இருக்கட்டும். ‘ஆ2-1.5-014’ என்றால் ஆ2 கட்டம், ஒன்றரை மீட்டர் ஆழம், பதினான்காவது மாதிரி. ஒருமுறை பயன்படுத்திய எண்ணை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள்.

பென்சீன் போன்றவை காற்றில் ஆவியாகிவிடும். மண்ணைப் பையில் போட்டுக் கிளறினால் பாதி மாசு அங்கேயே பறந்துவிடும், முடிவு பொய்யாகக் குறையும். உடனே ஆய்வகம் தந்த குப்பியில் இறுக்கமாக மூடி ஐஸ் பெட்டியில் வையுங்கள். எத்தனை நாளுக்குள் சோதிக்க வேண்டும் என்று ஆய்வகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். சுமார் இருபது மாதிரிக்கு ஒன்று இரட்டை மாதிரியாக, அதாவது ஒரே இடத்து மண் இரண்டு குப்பிகளில், இருக்கட்டும். கூடவே சுத்தமான நீர் நிரப்பிய குப்பி ஒன்றும் போய் வரட்டும். அதில் பென்சீன் தெரிந்தால் பெட்டியிலோ வழியிலோ கோளாறு. குப்பி கைமாறும் ஒவ்வொரு முறையும் கையெழுத்து, தேதி, நேரம். இந்தச் சீட்டு இல்லாத முடிவை யாரும் ஏற்க மாட்டார்கள்.

படி 5: முறை

தோண்டி எடுப்பது, மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சுவது, நுண்ணுயிர்களை வைத்துச் சிதைப்பது, மேலே மூடிவிடுவது என்று வழிகள் பல. இதைத் தனியாக எழுத வேண்டும். ஒன்று மட்டும்: நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் முறையில் முதல் ஆண்டுகளில் அளவு வேகமாக இறங்கும், பிறகு பல ஆண்டுகள் இழுத்தடிக்கும். முதல் ஆண்டுகளின் இறக்கத்தைப் பார்த்து யாருக்கும் முடிவு தேதி சொல்லிவிடாதீர்கள்.

படி 6: மண்ணின் கணக்கு

மூன்று கட்டங்களை 2 மீட்டர் ஆழம் தோண்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 3 × 100 × 2 = 600 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.8 டன் என்றால் 1,080 டன். தோண்டியதும் மண் உப்பும். 25 சதவீதம் என்று வைத்தால் 750 கன மீட்டர். 10 கன மீட்டர் லாரியில் 75 லோடு. சரி, ஆனால் ஒரு லோடின் எடை 14.4 டன். லாரிக்கு அனுமதி 12 டன்தான் என்றால் 90 லோடு ஆகும். செலவுத் திட்டம் போடும்போது பலரும் 600-ஐப் பத்தால் வகுத்து 60 என்று எழுதிவிடுவார்கள். சரிவாக வெட்டும் பக்கங்களுக்குக் கூடுதல் மண் தனி.

இப்போது மாசைக் கணக்கிடுவோம். ஒரு கட்டத்தில் 360 டன். அ2-ல் சராசரி கிலோவுக்கு 1,200 மில்லிகிராம் பெட்ரோலியப் பொருள் என்றால் அங்கே 432 கிலோ இருக்கிறது. மற்ற இரண்டிலும் 100 மில்லிகிராம் என்றால் தலா 36 கிலோ. மொத்தம் 504 கிலோ. அ2-ஐ மட்டும் எடுத்தாலே மாசில் சுமார் 86 சதவீதம் போய்விடும். லோடு கணக்கிலோ மூன்றில் ஒரு பங்குதான். எங்கே முதலில் தோண்டுவது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

படி 7: பதிவேடு

பெரிய மென்பொருள் வேண்டாம். சிறிய நிலத்துக்கு எக்செல் போதும் என்பது என் கருத்து. மூன்று தாள்கள்:

- மாதிரித் தாள்: மாதிரி எண், கட்டம், ஆழம், தேதி, பொருள், அளவு, அலகு, ஆய்வகம் கண்டறியக்கூடிய குறைந்தபட்ச அளவு.
- கட்டத் தாள்: ஒவ்வொரு கட்டமும் எந்த நிலையில் இருக்கிறது. தோண்டவில்லை, தோண்டியாயிற்று, முடிவுக்குக் காத்திருக்கிறது, தேறியது, மறுபடி தோண்ட வேண்டும்.
- லோடு தாள்: லாரி எண், எந்தக் கட்டத்து மண், கிளம்பும்போது எடை, போய்ச் சேர்ந்த இடத்தின் ரசீது எண், அங்கே போட்ட எடை.

மூன்றையும் இணைப்பது கட்டத்தின் பெயர். அது ஒரு தாளில் ‘ஆ2’, இன்னொன்றில் ‘ஆ-2’ என்று இருந்தால் தேடும்போது பாதி வரிசை விடுபடும்.

ஆய்வகம் ‘கண்டறியப்படவில்லை’ என்று அனுப்பினால் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். ஆய்வகம் கண்டறியக்கூடிய குறைந்தபட்ச அளவு 5 என்றால், ‘5-க்குக் கீழ்’ என்று எழுதுங்கள். அந்தக் குறைந்தபட்ச அளவே உங்கள் இலக்கைவிடப் பெரியது என்றால் அந்தச் சோதனையால் பயனில்லை, பணம் வீண். கட்டத் தாளில் நிலையை நிறம் பூசி மட்டும் குறிக்காதீர்கள், எழுத்திலும் எழுதுங்கள். தவறான வரியை அழிக்காமல், பக்கத்தில் காரணத்தோடு திருத்துங்கள்.

லோடு தாளைத் தினமும் மாலையே சரிபாருங்கள். கிளம்பிய எடைக்கும் சேர்ந்த எடைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலோ ரசீது வராமல் இருந்தாலோ, அந்த மண் வழியில் எங்கேயோ இறங்கியிருக்கலாம். மறுநாள் விசாரித்தால் பதில் கிடைக்கும், அடுத்த மாதம் கிடைக்காது.

படி 8: மழை, தூசி

குவித்த மண்ணின் அடியிலும் மேலும் பிளாஸ்டிக் விரிப்பு. லாரிக்குத் தார்ப்பாய். குழியில் தேங்கும் நீரை வாய்க்காலில் விடக் கூடாது, அதுவும் மாசுபட்ட நீர்தான். காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதைத் தினமும் குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டார் புகார் சொல்லும்போது அந்த ஒரு வரி உதவும்.

படி 9: மூடும் முன்பும் பின்பும்

குழியின் அடியிலும் நான்கு பக்கங்களிலும் மாதிரி எடுத்து, முடிவு வந்த பிறகே மூடுங்கள். முடிவு வரும்வரை குழி திறந்தே கிடக்கும், இயந்திரத்துக்கு வாடகை ஓடும். எத்தனை நாளில் முடிவு தருவார்கள் என்பதை ஆய்வகத்தோடு முதலிலேயே பேசிவிடுங்கள். நிரப்பக் கொண்டுவரும் மண்ணையும் சோதியுங்கள். வெளியிலிருந்து வந்தது என்பதற்காக அது சுத்தமாகிவிடாது.

அப்புறம், நிலத்தடி நீரைக் குறைந்தது ஓராண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். நீர் மட்டம் ஏறி இறங்கும்போது மண்ணில் ஒட்டியிருப்பது திரும்பக் கரையும். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரித்த இடத்தில், மோட்டாரை நிறுத்திய சில மாதங்களில் அளவு மேலே ஏறுவது வழக்கமான விஷயம். எங்காவது மாசை உள்ளேயே விட்டு மூட வேண்டியிருந்தால், அதன் மேல் பளிச்சென்ற நிறத்தில் ஒரு விரிப்பைப் போட்டு, பிறகு நல்ல மண்ணை நிரப்புங்கள். விரிப்பின் ஆழத்தையும் எல்லையையும் இறுதி வரைபடத்தில் குறித்து, ஒரு பிரதியை நில ஆவணங்களோடு சேர்த்துவிடுங்கள்.