டர்போ எஞ்சினில் கிராங்க்கேஸ் காற்றோட்டம்: சோதிப்பதும் சரிசெய்வதும்

பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற்றி ஓட்டிவிட்டு பானெட்டைத் திறந்தால் டிப்ஸ்டிக் (எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பி) அரை அங்குலம் மேலே எழும்பி நிற்கிறதா? கிராங்க் பின்பக்க சீலை மாற்றிக் கொஞ்ச நாளிலேயே மறுபடி எண்ணெய் கசிகிறதா? சீலைக் குறை சொல்லும் முன், கிராங்க்கேஸில் (பிஸ்டன்களுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறை) சேரும் அழுத்தம் எந்த வழியாக வெளியே போகிறது என்று பாருங்கள். பலர் எடுத்த எடுப்பில் கேட்ச் கேன் (வாயுவோடு வரும் எண்ணெயைப் பிடிக்கும் டப்பா) வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

வாயு ஓடும் திசை

எரியும் வாயுவில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். இதைத்தான் புளோ-பை என்கிறோம். புத்தம் புது எஞ்சினிலும் இது உண்டு. எரியாத பெட்ரோல், நீராவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் இவற்றோடு, கிராங்க் சுழலும்போது தெறிக்கும் எண்ணெய்த் துளிகளும் அதில் கலந்திருக்கும். பூஸ்ட் கூடினால் புளோ-பையும் கூடும். அதிக பூஸ்ட்டுக்காகக் கட்டிய எஞ்சினில் ரிங் முனை இடைவெளியையும் கூட்டித்தான் வைக்கிறோம். 86 மி.மீ. போருக்கு (சிலிண்டரின் உள்விட்டம்) சாதாரணமாக 0.35 மி.மீ. என்றால், இதில் 0.5 மி.மீ. வரை போகும். எஞ்சின் சூடேறும் வரை அந்த இடைவெளி வழியாக இன்னும் அதிகமாகவே கசியும்.

இந்த வாயு வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு) வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) போவது. மற்றொன்று, வால்வு கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாய்க்குப் போகும் பிரீதர் ஹோஸ். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) மேனிஃபோல்டில் வேக்குவம் இருக்கும். பிசிவி வாயுவை இழுக்கும், அதற்கு ஈடாகப் பிரீதர் வழியே சுத்தமான காற்று உள்ளே வரும். பூஸ்ட் வந்ததும் கதை தலைகீழாகிவிடும். மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறுவதால் பிசிவி மூடிக்கொள்ள வேண்டும். மொத்த புளோ-பையும் பிரீதர் ஹோஸில் எதிர்த்திசையில் ஓடி டர்போவின் வாய்க்குப் போகும். ஒரே ஹோஸ் ஒரு நேரம் உள்ளே இழுக்கிறது, இன்னொரு நேரம் வெளியே தள்ளுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

பிசிவி சரியாக மூடாவிட்டால் பூஸ்ட் அழுத்தம் நேரே கிராங்க்கேஸுக்குள் இறங்கும். சீல்கள் கசிவது ஒரு பக்கம். அதைவிட மோசம், டர்போவின் எண்ணெய் சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) திரும்புவது வெறும் புவியீர்ப்பால்தான். சம்ப்பில் அழுத்தம் நின்றால் அந்த எண்ணெய் இறங்க வழியின்றி பேரிங் கூட்டில் தேங்கி, சீலைத் தாண்டி டர்பைன் பக்கம் கசிந்து நீலப் புகையாக வரும். நல்ல டர்போக்கள் இப்படித்தான் வீணாகக் கழற்றப்படுகின்றன.

நான்கு சோதனைகள்

முதலில் பிசிவி வால்வைக் கழற்றி, துடைத்து, ஒரு துண்டு ஹோஸை மாட்டி வாயால் ஊதுங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும். மேனிஃபோல்ட் பக்கத்திலிருந்து ஊதினால் துளியும் போகக் கூடாது. குலுக்கிப் பார்த்துச் சத்தம் கேட்டால் நல்ல வால்வு என்பார்கள். உள்ளிருக்கும் துண்டு ஒட்டிக்கொள்ளவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று, இறுக்கமாக மூடுகிறது என்பதற்கு அல்ல. டர்போ இல்லாத எஞ்சினின் பிசிவி, பேக்ஃபயரைத் தடுக்கும் அளவுக்குத்தான் மூடும். அதை அப்படியே டர்போ மாட்டிய எஞ்சினில் விட்டால் போதாது. அதே பாதையில் தனியாக ஒரு ஒருவழி வால்வும் வேண்டும்.

அடுத்தது காகிதச் சோதனை. எஞ்சின் நன்றாகச் சூடாகி ஐடிலில் ஓடும்போது பிரீதர் ஹோஸைக் கழற்றி, வால்வு கவர் பக்கமும் குழாய் பக்கமும் அடைத்துவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயின் மேல் ஒரு தாளை வையுங்கள். சிறிது நேரத்தில் தாள் மெல்ல உள்ளிழுபட்டு ஒட்ட வேண்டும். தாள் எழும்பிப் பறந்தால் பிசிவி பாதை அடைத்திருக்கிறது, அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியைத் திறக்கவே முடியாதபடி இழுத்துப் பிடித்து, கூடவே விசில் சத்தமும் வந்தால், பிசிவி வால்வு கவரோடு சேர்ந்து வரும் வகை எஞ்சின்களில் உள்ளே இருக்கும் டயஃபிரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கும்.

மூன்றாவது, கணக்கோடு பார்ப்பது. டிப்ஸ்டிக் குழாயில் ஒளி ஊடுருவும் டியூப் ஒன்றை மாட்டி, ‘ப’ வடிவில் வளைத்து வண்ணத் தண்ணீர் ஊற்றுங்கள். இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் 100 மி.மீ. என்றால் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். ஐடிலில் எஞ்சின் பக்கத்து மட்டம் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். டியூபின் இரு பக்கங்களும் குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்கட்டும். இல்லாவிட்டால் வேக்குவம் அதிகமான எஞ்சின் தண்ணீரைச் சம்ப்புக்குள் இழுத்துவிடும். ஓட்டத்தில் அளக்க டியூப் சரிவராது, குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டுங்கள். முழு பூஸ்ட்டில் 1 கிலோபாஸ்கலுக்குள் நின்றால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் வழி போதவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது எங்களுக்கு மிகவும் பிடித்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, டர்போவிலிருந்து இன்டேக்குக்குக் காற்று போகும் குழாயில் அடைப்பான் மாட்டி 0.7 பார் காற்று ஏற்றுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து காதை வையுங்கள். ‘ஸ்ஸ்’ என்று கேட்கத்தான் செய்யும், ஏனென்றால் திறந்திருக்கும் இன்டேக் வால்வு வழியே போய் ரிங்கைத் தாண்டும் காற்றும் அதில் சேர்ந்திருக்கும். இப்போது பிசிவி ஹோஸைக் கிளாம்பால் நெரியுங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் குற்றவாளி ஒருவழி வால்வுதான்.

ஹோஸும் கேனும்

பிரீதர் பாதையை மெலிதாக விடாதீர்கள். உள்விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், வாயுவின் வேகம் கால் பங்காகும். வேகம் குறைந்தால் எண்ணெயை அள்ளிக்கொண்டு போகாது. நான்கு சிலிண்டர் டர்போவுக்கு 16 முதல் 19 மி.மீ. உள்விட்டம் வையுங்கள். ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸ் எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்துவிடும். சாதா சிலிக்கான் ஹோஸின் சுவரிலும் எண்ணெய் கசிந்து வியர்க்கும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் அல்லது ஃபுளோரோசிலிக்கான் உள்பூச்சுள்ள ஹோஸ் வாங்குங்கள். நடுவில் தொங்கும் பள்ளம் இருந்தால் அதில் நீர் தேங்கும், குளிர்நாட்டில் உறைந்து பாதையையே அடைத்துவிடும்.

இனி கேட்ச் கேன். உள்ளே தடுப்புத் தகடோ உலோக நார்க் கற்றையோ இல்லாத கேன் வெறும் டப்பா, எண்ணெய்ப் பனி அதன் வழியே அப்படியே கடந்துவிடும். தெருவில் ஓடும் காருக்கு அரை லிட்டரிலிருந்து 1 லிட்டர் போதும். எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து தள்ளி, காற்று படும் இடத்தில் மாட்டுங்கள். குளிர்ந்த கேனில்தான் ஆவி நீராகும். பிசிவி பாதையில் வரிசை இப்படி இருக்கட்டும்: எஞ்சின், கேன், பிறகு பிசிவியும் ஒருவழி வால்வும், கடைசியில் மேனிஃபோல்ட். வால்வு கேனுக்கு முன்னால் போனால் பூஸ்ட் கேனுக்குள் ஏறி மூடி இணைப்பில் கசியும். பிசிவியைத் தூக்கிப்போட்டுவிட்டு வெறும் ஹோஸ் மாட்டாதீர்கள், அதன் சிறு துளைதான் ஐடிலில் ஓட்டத்தை அளந்து விடுகிறது. பிரீதர் பாதைக்குத் தனி கேன் வையுங்கள். பூஸ்ட்டில் எண்ணெய் அதிகம் வருவது அந்தப் பக்கம்தான்.

முதல் 500 கி.மீ.-இல் திறந்து பார்த்து, வரும் அளவை வைத்து எத்தனை கி.மீ.-க்கு ஒருமுறை கேனைக் காலி செய்வது என்று முடிவு செய்யுங்கள். குளிர்காலத்தில், குறுகிய ஓட்டங்களில், மஞ்சள் நிற மயோனைஸ் போன்ற கலவை வேகமாக நிறையும். அதைச் சம்ப்பில் திரும்ப ஊற்றக் கூடாது. அதில் தண்ணீரும் பெட்ரோலும் இருக்கின்றன.

ஹோஸைக் கழற்றி, சிறு ஃபில்டர் மாட்டி வெளியே திறந்துவிடுவது எளிது, ஆனால் தெருக் காருக்கு வேண்டாம். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்காது. ஐடிலில் இழுப்பு இல்லாததால் ஈரமும் அமிலமும் எண்ணெயிலேயே தங்கும். உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃபுளோ சென்சார் உள்ள எஞ்சினில் பிசிவி மட்டும் மேனிஃபோல்டோடு நின்றால், அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து கலவை மெலியும்.

சூப்பர்சார்ஜர் என்றால்

பெல்ட்டில் ஓடும் சென்ட்ரிஃபியூகல் வகைக்கு டர்போவின் முறையே பொருந்தும். த்ராட்டிலுக்கு (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடு) பின்னால் உட்காரும் ரூட்ஸ், ட்வின்-ஸ்க்ரூ வகைகளில் பிசிவியை த்ராட்டிலுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவே இணையுங்கள். அங்கே பூஸ்ட் ஏறாது, பாதி த்ராட்டிலில் நல்ல வேக்குவமும் கிடைக்கும். ஆனால் வரும் எண்ணெய் முழுவதும் ரோட்டர் மேலும் இன்டர்கூலர் மேலும் படியும். ஆகவே இவற்றில் கேன் கட்டாயம்.

எல்லாம் சரியாக அமைத்த பிறகும் சில நூறு கி.மீ.-இல் கேன் நிறைந்தால், முதலில் எண்ணெய் மட்டம் மேல் குறியைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் லீக்-டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்று ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்யுங்கள். ஏதாவது ஒரு சிலிண்டர் 20 சதவீதத்துக்கு மேல் இழந்து, காற்று எண்ணெய் மூடி வழியே சீறினால், பிஸ்டனை வெளியே எடுத்தே ஆக வேண்டும்.