லீக் கிளப்பின் கடனை அடைப்பது எப்படி: வடசென்னை நிர்வாகிகளுக்கு ஒரு கணக்கு வழிகாட்டி

வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர், தண்டையார்பேட்டைப் பக்கம் கால்பந்து ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. இங்கே ஒரு டீம் கலைந்தால் பெரும்பாலும் பணத்தில்தான் கலைகிறது. இன்னும் ஜெயிக்காத கோப்பையின் பரிசுப் பணத்தை நம்பி ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பேசுவதுதான் அதற்கு முதல் காரணம்.

பெரிய கிளப்புகளும் இதே இடத்தில்தான் சறுக்கின. இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் 2001-ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. பின்னால் வரப்போகும் டிக்கெட் வசூலை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கி ஆட்டக்காரர்களை எடுத்திருந்தது. அடுத்த இரண்டு சீசனும் அந்தப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. வட்டி நிற்காமல் ஓட, ஆட்டக்காரர்களை வரிசையாக விற்றது. 2004-ல் பிரீமியர் லீக்கிலிருந்தே இறங்கியது, சொந்த மைதானமும் கைவிட்டுப் போனது. ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையில்லை. போர்ட்ஸ்மவுத் 2008-ல் எஃப்ஏ கோப்பை வாங்கியது, 2010-ல் திவால் நிர்வாகத்துக்குப் போனது. பெரி கிளப் 2019-ல் ஒரு டிவிஷன் மேலே முன்னேறிய சில மாதத்திலேயே லீக்கை விட்டு நீக்கப்பட்டது.

முதல் வேலை, கடன் முழுவதையும் ஒரே நோட்டில் எழுதுவது. ஐந்து பத்தி போதும்: யாருக்கு, எதற்காக, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கையெழுத்துப் போட்டவர் யார். கைமாத்தும் தண்டலும் எல்லோருக்கும் நினைவில் இருக்கும். விட்டுப்போவது வேறு: கோச்சுக்குத் தரவேண்டிய சம்பள பாக்கி, ஜெர்சி தைத்த கடை பாக்கி, மேட்ச் நாள் சாப்பாட்டுக் கடை பாக்கி, அடுத்த சீசனுக்கென்று ஸ்பான்சரிடம் இப்போதே வாங்கிச் செலவழித்த முன்பணம். இந்த நாலையும் சேர்த்தால் மொத்தம் நீங்கள் நினைத்ததை விடக் கணிசமாகக் கூடும்.

அடுத்து, எல்லா வட்டியையும் ஆண்டு வட்டியாக மாற்றுங்கள். இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம், அஞ்சு வட்டி என்றால் 60. தண்டலில்தான் கணக்கு ஏமாற்றும். 10,000 ரூபாய் தண்டலில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள்; தினம் 100 வீதம் 100 நாள் கட்டுகிறோம். 15 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 100 நாளும் 8,500 நம் கையில் இருப்பதில்லை. தினமும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாகப் பாதிப் பணத்தைத்தான் பயன்படுத்துகிறோம். சரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டுகிறது.

அதற்காகக் கையில் மொத்தமாகப் பணம் வந்ததும் ஓடிப்போய்த் தண்டலை அடைக்கவும் கூடாது. வட்டியை முதல் நாளே பிடித்துவிட்டார்கள். தள்ளுபடி தந்தாலொழிய முன்கூட்டி அடைப்பதில் நமக்கு ஒரு பைசா மிச்சமில்லை. அதை நாள்படி கட்டி முடித்து, புதிதாக எடுக்காமல் நிறுத்துங்கள். மொத்தமாக வரும் பணம் அஞ்சு வட்டிக் கடனின் அசலுக்குப் போகட்டும். ‘அசலில் வரவு’ என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் அது வட்டியில் கரைந்துவிடும். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் வகைக் கொடுமைகளுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது, மிரட்டல் வந்தால் புகார் கொடுக்கலாம். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையும் வெற்றுப் பத்திரத்தையும் மட்டும் எந்த நெருக்கடியிலும் கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் நிற்க வேண்டியது ஆட்டக்காரர், கோச் சம்பள பாக்கி. அதற்கு வட்டி கிடையாது என்பதாலேயே கடைசிக்குத் தள்ளுகிறோம், அதுதான் கிளப்பை உடைக்கிறது. கோச் போனால் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் போவார்கள், அவர்களோடு மாதக் கட்டணமும் போகும். தொழில்முறை ஒப்பந்தங்களில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இதைக் கறாராகவே வைத்திருக்கிறது: இரண்டு மாதச் சம்பளம் நின்றால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்து ஆட்டக்காரர் வெளியேறலாம்.

இனி வரவு செலவு. வரவில் உறுதியானதை மட்டும் எழுதுங்கள். உதாரணத்துக்கு: உறுப்பினர் 40 பேர், மாதம் 200 ரூபாய், ஆண்டுக்கு 96,000. பயிற்சிக்கு 60 பிள்ளைகள் வந்தாலும் 40 பேர்தான் கட்டுவார்கள் என்று வையுங்கள். மாதம் 300 வீதம் 10 மாதத்துக்கு 1,20,000. (கட்ட முடியாத பிள்ளையை வெளியே நிறுத்தாதீர்கள். இந்தத் தெருக்களில் நல்ல ஆட்டக்காரர் அந்த வீட்டிலிருந்தும் வருவார்.) எழுத்தில் ஒப்பந்தமான ஸ்பான்சர் 1,50,000. மொத்தம் 3,66,000.

சம்பளத்துக்கு உச்சவரம்பு 70 சதவீதம். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ, தன் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு (ஆட்டக்காரர்களை வாங்கும் செலவு, ஏஜென்ட் கட்டணத்தையும் சேர்த்து) வைத்திருக்கும் அளவு இது. 2023-24-ல் 90, அடுத்த ஆண்டு 80, 2025-26-ல் 70 என்று படிப்படியாக இறக்கியது. நம் கணக்கில் 70 சதவீதம் என்பது 2,56,200. கோச்சுக்கு மாதம் 12,000 வீதம் 10 மாதத்துக்கு 1,20,000 போனால் மீதி 1,36,200. சீசனுக்கு 12 மேட்ச், மேட்சுக்கு 16 பேர் என்றால் ஒருவருக்குத் தலா 700 ரூபாய் கொடுக்கலாம். கெஸ்ட் பிளேயர் ஒருவர் 3,000 கேட்டால், எந்த நாலு பேர் காசிலிருந்து அது வருகிறது என்று கமிட்டியில் கேளுங்கள்.

இதே கணக்கில் ஒரு லட்சம் பரிசுப் பணத்தையும் வரவாக எழுதிப் பாருங்கள். சம்பள வரம்பு 70,000 ரூபாய் உயர்ந்துவிடும். கோப்பை வராவிட்டால் அந்த 70,000 அப்படியே துண்டு விழும். அஞ்சு வட்டிக்கு வாங்கி ஈடுகட்டினால் மாதம் 3,500. பத்து மாதத்தில் 35,000 வட்டி கட்டியிருப்பீர்கள், அசல் அசையாமல் நிற்கும். பரிசுப் பணம் வந்தால் வரட்டும்: பாதி ஆட்டக்காரர்களுக்குப் போனஸ், பாதி கடன் அசலுக்கு என்று சீசன் தொடங்கும் முன்பே தீர்மானம் எழுதி வையுங்கள்.

ஆண்டுக் கணக்கு நேராக இருந்தாலும் மாதக் கணக்கு கையைக் கடிக்கும். ஸ்பான்சர் பணம் மொத்தமாக ஒரு மாதத்தில் வரும், செலவு மாதாமாதம் போகும். பன்னிரண்டு கட்டம் போட்டு ஒவ்வொரு மாதமும் வருவது, போவது, மாதக் கடைசியில் மிஞ்சுவது எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறதோ, அந்த மாதத்தில்தான் தண்டல் எடுக்கத் தோன்றும். அதற்கு முந்தைய மாதங்களிலேயே கோச்சின் இரண்டு மாதச் சம்பளத்தை, அதாவது 24,000 ரூபாயை, ஒதுக்கி வையுங்கள். ஜெர்மனியில் சீசன் தொடங்கும் முன்பே கிளப்பின் கைவசப் பணம் சீசன் முழுக்கத் தாங்குமா என்று பார்த்துத்தான் உரிமம் தருகிறார்கள்.

ஒரே இடத்து வருமானத்தில் நிற்பதும் ஆபத்து. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தோடு இருந்த ஒப்பந்தம் முடியப்போவதை முன்னிட்டு, போட்டியை நடத்தும் நிறுவனம் 2025 ஜூலையில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனையே நிறுத்தி வைத்தபோது, நாட்டின் மேல்மட்ட கிளப்புகளே திணறின. எந்த ஸ்பான்சரும் மொத்த வரவில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணலி, எண்ணூர் ஆலைகளிடம் சிஎஸ்ஆர் நிதி (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி) கேட்பதென்றால் டீம் செலவுக்குக் கேட்காதீர்கள், பிள்ளைகளின் பயிற்சிக்குக் கேளுங்கள். சட்டம் விளையாட்டுப் பயிற்சியைத்தான் ஏற்கிறது. அதற்கு 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு, கிளப் பெயரில் பான், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், சிஎஸ்ஆர் நிதி வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் கையில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு கிளப் பெயரிலேயே, இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும். செயலாளரின் சொந்த ஜிபே எண்ணில் சந்தா வாங்க ஆரம்பித்தால், நல்ல மனிதர் மீதும் பழி விழும்.

ஏரியாப் பெரியவர் ஒருவர் கையிலிருந்து பணம் போட்டால், நன்கொடையா கடனா என்பதை அன்றே எழுதி வாங்குங்கள். செல்சி கிளப்புக்கு உரிமையாளர் அப்ரமோவிச் போட்டது ஏறக்குறைய 150 கோடி பவுண்ட், கணக்கில் அது கடன்தான். 2022-ல் விற்கும்போது அதைத் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று அவர் அறிவித்தார். நம் ஊரில் மனக்கசப்பு வந்த மறுநாளே கேட்பார்கள். கடன் என்றால் தொகை, வட்டி, திருப்பித் தரும் தேதி மூன்றும் தாளில் வேண்டும். நன்கொடை என்றால் அன்றே ரசீது கொடுத்து, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள்.