மோட்டார் கட்டில்ல எப்படிப் படுத்தா குறட்டையும் மூச்சு நிக்கிறதும் குறையும்

எங்கப்பா செங்கோட்டைலருந்து புனலூருக்கு காய்கறி லோடு அடிக்கிறவரு. புளியரை தாண்டி ஆரியங்காவு போற ஏத்தத்துல ரெண்டு தடவ ஸ்டியரிங்ல கண்ணசந்துட்டாரு, அப்பதான் பயந்துபோய் தூக்க டெஸ்ட் எடுத்தோம். மணிக்கு 34 தடவ மூச்சு நின்னோ கொறஞ்சோ போயிருக்கு. 5 தாண்டுனாலே கவனிக்கணும், 30 தாண்டுனா கடுமைன்னு அர்த்தம், அதுவும் ஒவ்வொண்ணும் 10 செகண்டாவது இருந்தாதான் கணக்குலயே வரும். புனலூர் மார்க்கெட்ல கூட இருக்குறவங்க "கூர்க்கம் வலிதானே (மலையாளத்துல குறட்டைதானேன்னு அர்த்தம்), எல்லாருக்கும் உள்ளதுதானே"ன்னு சொல்லி சொல்லியே இத்தன வருஷம் விட்டுட்டோம்.

மாஸ்க் வழியா காத்த அழுத்தி தொண்டைய அடைக்காம வைக்கிற சிபாப் மெஷின் போட்டாச்சு, கூடவே தலைப்பக்கமும் கால்பக்கமும் மோட்டார்ல ஏறி எறங்குற ரிமோட் கட்டிலும் வாங்குனோம். கடைக்காரர் இந்தக் கட்டில் இருந்தா மெஷினே வேண்டாம்னாரு, தயவுசெஞ்சு அத நம்பிராதீங்க. டாக்டர் மெஷின் போடச் சொன்னா போட்டுத்தான் ஆகணும், கட்டில் அதுக்குத் தொணை.

மல்லாக்கப் படுத்தா நாக்கும் உள்நாக்கு பக்கத்துல இருக்குற சதையும் பின்னால சரிஞ்சு தொண்டைய அடைக்கும். முதுகோட சேத்து மேல தூக்குனா அந்தச் சரிவு கொறையும். இதுல நெறய பேரு பண்ற தப்பு, மூணு தலகாணிய அடுக்கி கழுத்த மட்டும் மடக்குறது, தாடை நெஞ்சுல இடிக்கும், மூச்சுக்குழாய் இன்னும் ஒடுங்கிரும். கட்டில் இடுப்புலருந்து தூக்கணும், தலைக்கு ஒரே ஒரு மெல்லிசு தலகாணி போதும்.

எவ்வளவு தூக்கணும்னா, மொத நாளே 30 டிகிரி வச்சிராதீங்க. எங்க கட்டில்ல முதுகுப் பலகை 30 இஞ்ச் நீளம், அதுல தலைப்பக்கம் 5 இஞ்ச் எந்திரிச்சா ஏறக்குறைய 10 டிகிரி, 8 இஞ்ச்னா 15, 15 இஞ்ச் வந்தாதான் 30. ஸ்கேல் வச்சு அளந்துக்கோங்க, இல்லன்னா போன்ல மட்டம் பாக்குற ஆப் போட்டு மெத்தைக்கு அடில பலகை மேல வச்சுப் பாருங்க. நாங்க 8 டிகிரில ஆரம்பிச்சு மூணு நாளைக்கு ஒருதடவ கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனோம், அம்மா பக்கத்துல உக்காந்து கேட்டாங்க, நான் வாட்ச் பாத்து எண்ணுனேன். குறட்டை டக்குனு நிக்கும், நெஞ்சு மட்டும் ஏறி ஏறி எறங்கும், ஒருதடவ 22 செகண்ட் ஓடுச்சு, அப்புறம் "ஹக்"குனு இழுத்துட்டு மூச்சு வந்துச்சு. 15 டிகிரில அந்த மாதிரி நின்னது நல்லாவே கொறஞ்சுது, அதுக்கு மேல போனா அவருக்கு இடுப்பு வலி. ஒங்களுக்கு வேற அளவா இருக்கலாம்.

தலைய தூக்குறதுக்கு முன்னாடி முழங்கால் பக்கத்த லேசா தூக்குங்க, இந்த வரிசைய மாத்தாதீங்க. இல்லன்னா ராத்திரி பூரா ஒடம்பு கீழ வழுக்கிட்டே போகும், காலைல பாத்தா தலை முதுகுப் பலகையோட நடுவுல கெடக்கும், வயசானவங்களுக்கு அந்த உராய்வுல இடுப்புக்குக் கீழ புண்ணே வந்துரும். ரிமோட்ல இருக்குற ஸீரோ கிராவிட்டி பட்டன் இதத்தான் பண்ணுது, ஆனா அதுல கால் ரொம்ப ஒசரமாப் போகும். கால் வீக்கம் இருக்குறவங்களுக்கு அந்த நீர் ராத்திரி கழுத்துப் பக்கம் ஏறி தொண்டைய இன்னும் ஒடுக்கும், அதனால சாயந்திரமே ஒரு மணி நேரம் கால தூக்கி வச்சுட்டு படுக்கும்போது எறக்கிருங்க.

நெறய பேருக்கு ஒருக்களிச்சுப் படுத்தாலே பாதி பிரச்சன தீரும். ஆனா கட்டில் ஒசரமா இருக்கும்போது ஒருக்களிச்சா இடுப்பு பக்கவாட்டுல வளைஞ்சு வலிக்கும், அப்ப 5 டிகிரிக்கு எறக்கிட்டு முதுகுக்குப் பின்னால பழைய போர்வைய உருட்டி வைங்க, உருளாம இருப்பீங்க. நெஞ்செரிச்சல் இருந்தா இடது பக்கம் நல்லது.

மெஷின் போடுறவங்க, மெஷின தலை மட்டத்துக்குக் கீழ ஒரு ஸ்டூல்ல வைங்க, ஒசரத்துல வச்சா காத்த ஈரமாக்க மெஷின்ல ஊத்துற தண்ணி டியூப் வழியா மாஸ்க்ல ஒழுகும். டியூப் பெரும்பாலும் 6 அடிதான், கட்டில தூக்கி எறக்கிப் பாத்துட்டு எடத்த முடிவு பண்ணுங்க. சாய்வு மாறுனா மாஸ்க் ஒக்காருற எடமும் மாறும், அந்த நெலைல படுத்துட்டே பட்டைய சரி பண்ணுங்க.

மெத்தை விஷயத்துல ஏமாறாதீங்க. இறுகுன தேங்காநார் மெத்தை வளையாது, இலவம்பஞ்சு மெத்தை வளைஞ்சாலும் பஞ்சு கீழ எறங்கிரும். பக்கத்துலயே ரப்பர் காடு, லேடக்ஸ் மெத்தை கெடைக்கும், 6 இஞ்ச் தாராளம். கரண்ட் போனா கட்டில் அப்படியே நின்னுரும், சாரல் மாசத்துல இங்க அது சகஜம், பேட்டரி உள்ளதா பாத்து வாங்குங்க. எறக்குறதுக்கு முன்னாடி அடில புள்ளைங்க கை இருக்கான்னு குனிஞ்சு பாருங்க.

மோட்டார் வாங்க முடியலன்னா ஆஸ்பத்திரி சாமான் கடைல கைப்பிடி சுத்துற ஃபௌலர் கட்டில் கேளுங்க, தலையும் முழங்காலும் தூக்கும், செமி ஃபௌலர்ல முதுகு மட்டும்தான். அதுவும் இல்லன்னா தலைப்பக்கத்து ரெண்டு காலுக்கும் அடில ரெண்டு ரெண்டு செங்கல் படுக்கவச்சு அடுக்குங்க, 6 இஞ்ச் வரும், ஆறேகால் அடி கட்டில்ல அது நாலரை டிகிரி. செங்கல் ஆடாம இருக்க அடில பழைய டயர் துண்டு போடுங்க.