போத்தனூரில் ஆரம்பியுங்கள்

கோவை ரயில் பாதையைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் நேராகக் கோவை ஜங்ஷனுக்குப் போகிறார்கள். நான் பக்கத்திலிருக்கும் போத்தனூர் நிலையத்தில் ஆரம்பிக்கச் சொல்வேன். மூத்தது அதுதான், 1862லேயே ரயில் வந்துவிட்டது. கோவைக்குத் தண்டவாளம் வந்தது 1873இல், மேட்டுப்பாளையம் கிளைப்பாதையாக.

பிளாட்பார டிக்கெட் எடுத்து நடைமேம்பாலம் ஏறுங்கள். பாலக்காடு, பொள்ளாச்சி, கோவை, இருகூர் என்று நாலு திசைக்கும் பாதை பிரிகிற ஊர் இது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எது எங்கே போகிறது என்று பாருங்கள். இருகூர் பாதை கோவையைத் தொடாமலே ஈரோட்டுப் பக்கம் போய்விடும். சில ரயில்கள் கோவைக்குள் வராமல் போவது இதனால்தானுங்க!

அப்புறம் கோவை வழியாக மேட்டுப்பாளையம் போகும் ரயிலில் வலது ஜன்னலைப் பிடியுங்கள். வடகோவை நிலையம் தாண்டியதும், கோவையிலிருந்து ஈரோடு போகும் பாதை கிழக்கே வளைந்து விலகும். கண் இமைத்தால் போச்சு.

மேட்டுப்பாளையத்தில் அகலப்பாதை முடிந்து, ஊட்டி மலை ரயிலின் மீட்டர் பாதை (தண்டவாள இடைவெளி குறைந்தது) தொடங்குகிறது. குன்னூர் வரை 1899இல் திறந்தது. காலையில் போனால் நீராவி எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுவதைப் பார்க்கலாம். கல்லாறு தாண்டினால் பல்சக்கரப் பாதை, நடுவிலிருக்கும் பல் தண்டவாளத்தை எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறும். ஏற்றம் சுமார் 12 அடிக்கு ஓரடி வரை.

படம் எடுக்கத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள், அது குற்றம். மலை ரயிலுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். சீசனில் இடம் கிடைக்காது.