கன உலோகம் கலந்த நிலத்தில் பாக்டீரியா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலைக் கழிவுநீர் பாய்ந்து கெட்ட நிலத்துக்கு, "நன்மை செய்யும் பாக்டீரியாவைப் போடுங்கள், உலோகத்தைத் தின்றுவிடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். பாதித் தவறுகள் இந்த ஒரு வரியிலிருந்தே கிளம்புகின்றன. எண்ணெய்க் கசிவையும் பல பூச்சிமருந்து எச்சங்களையும் பாக்டீரியா சிதைக்கும், உண்மைதான். ஆனால் காட்மியம், ஈயம், குரோமியம், ஆர்சனிக் எல்லாம் தனிமங்கள். அவற்றைச் சிதைக்க எந்த உயிராலும் முடியாது. பாக்டீரியா அவற்றின் நிலையை மட்டும் மாற்றும். சில இனங்கள் தம் செல் சுவரிலும், சுற்றிச் சுரக்கும் பிசுபிசுப்பான சர்க்கரைப் படலத்திலும் உலோகத்தை ஒட்ட வைத்துக்கொள்ளும். சில இனங்கள், எளிதில் கரைந்து ஓடும் நச்சுமிக்க குரோமியத்தை அவ்வளவாகக் கரையாத வடிவத்துக்கு மாற்றும். எப்படிப் பார்த்தாலும் உலோகம் அதே நிலத்தில்தான் கிடக்கிறது.

இதைவிட ஆபத்தான தவறு, பயிர் பச்சைப்பசேல் என்று வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என நம்புவது. உலோகத்தால் தவிக்கும் செடி எத்திலீன் என்னும் ஹார்மோனை அதிகம் சுரக்கும். அதனால் வேர் குட்டையாகிவிடும். சூடோமோனாஸ், பேசில்லஸ் என்னும் பாக்டீரியா வகைகளில் பல, எத்திலீன் உருவாகத் தேவையான மூலப்பொருளை உடைத்துவிடுகின்றன. வேர் நீளும், செடி தழைக்கும். நல்லதுதான். ஆனால் அதே வேர் இன்னும் பரந்த மண்ணிலிருந்து உலோகத்தையும் உறிஞ்சக்கூடும். குறிப்பாகக் காட்மியம் மனிதருக்குக் கேடு செய்யும் அளவில் தானியத்தில் சேர்ந்த பிறகும் செடி வாடாமல் நிற்கும். ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில், சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் 'இத்தாய் இத்தாய்' நோய் வந்தது. காட்மியம்தான் காரணம் என்று 1968-இல் அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. ஆகவே சோதிக்க வேண்டியது நாம் சாப்பிடும் பகுதியை. தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் காட்மியம் என்பது கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு. அறுவடை மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பாமல், செடியின் உயரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து, பாக்டீரியா தேர்வு. 'நுண்ணுயிர் உரம்' என்ற பெயரில் வருவதெல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. பாஸ்போபாக்டீரியா கரிம அமிலங்களைச் சுரந்துதான் மணிச்சத்தைக் கரைக்கிறது. அதே அமிலம் மண்ணில் ஒட்டியிருந்த உலோகத்தையும் கரைத்து வேருக்கு நீட்டிவிடலாம். கடுகு போன்ற செடியை வளர்த்து, உலோகத்தை உறிஞ்சவிட்டுப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் திட்டம் என்றால் இது உதவி. உணவுப் பயிருக்கோ இது கேடு. விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த இனம் உலோகத்தைக் கட்டிப்போடுமா, அவிழ்த்துவிடுமா? சாப்பிடும் பகுதியில் அளந்து பார்த்திருக்கிறார்களா? கிருமி நீக்கிய தொட்டி மண்ணில் கிடைத்த முடிவை மட்டும் காட்டினால் போதாது. வயலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்களோடு போட்டி போட முடியாமல், புதிதாக இட்டவை சில வாரங்களிலேயே குறைந்துபோவது சகஜம்.

எந்த உலோகம் என்று தெரியாமலே தொடங்குவதும் அடிக்கடி நடக்கிறது. நெல் வயலில் நீர் கட்டி நின்றால் காட்மியம் கரையாத வடிவில் அடங்கும். ஆர்சனிக் அவிழ்ந்து நெல்லுக்குள் போகும். வயலைக் காயவிட்டால் தலைகீழ். இப்படி எதிரெதிராக நடப்பவற்றுக்கு ஒரே பாக்கெட் எப்படி மருந்தாகும்? மண்ணின் அமிலத்தன்மையையும் கூடவே பாருங்கள். புளித்த மண்ணில் காட்மியம் சுலபமாகக் கரையும். அங்கே சுண்ணாம்பு இட்டு மண்ணைச் சரிசெய்யாமல் பாக்டீரியாவை மட்டும் நம்புவது வீண். கழிவுநீர்ப் பாசனத்தை நிறுத்தாமல் பாக்டீரியா போடுவதும் அப்படித்தான்.

சின்னத் தவறுகளும் உண்டு. காப்பர் ஆக்ஸிகுளோரைடு போன்ற தாமிர மருந்தோடு கலப்பதும் உச்சி வெயிலில் தூவுவதும் பாக்டீரியாவைக் கொல்லும். காலாவதியான பாக்கெட்டில் உயிருள்ள பாக்டீரியா அதிகம் இருக்காது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மாசடைந்த மண்ணிலிருந்து நீங்களே பாக்டீரியாவை வளர்த்துப் பெருக்காதீர்கள். உலோகத்தைத் தாங்கும் மரபணுக்களும் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்களும் பல நேரம் ஒரே பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாக்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. வளையத்தில், சேர்ந்தே இருக்கும். அத்தகைய மண்ணில் சூடோமோனாஸ் ஏருஜினோசா போல, நோய் எதிர்ப்பு குறைந்தவர்களைத் தாக்கும் கிருமியும் இருக்கலாம். கண்ணால் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியாது.

சோதனை முடிவு வரம்பைத் தாண்டினால், அந்த நிலத்தில் கீரை வேண்டாம். தானியத்தைவிட இலையில் காட்மியம் அதிகம் சேரும். பருத்தி போல உணவுக்கில்லாத பயிருக்கு மாறலாம். உலோகத்தை உறிஞ்சுவதற்காகவே வளர்த்த செடிகளை மாட்டுக்குப் போடவோ, உரக்குழியில் தள்ளவோ கூடாது.