குற்றவியல் பாடத்திட்டத்தை ஒரே தடத்தில் கொண்டுவர

போன பருவத்தில் விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். கொலைக்குத் தண்டனை தரும் பிரிவு எது என்ற கேள்விக்கு ஒரு மாணவர் ‘பி.என்.எஸ். 302’ என்று எழுதியிருந்தார். பழைய எண்ணையும் புதிய சட்டத்தையும் ஒட்டிவிட்டார், பாவம். ஐ.பி.சி. என்கிற பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில்தான் கொலைக்குத் தண்டனை 302; அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்., அதாவது பாரதிய நியாய சன்ஹிதாவில் 103; அங்கே 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதற்கான பிரிவு. வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வெளித்தேர்வாளராக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் தாளைக் காட்டினேன். “எங்கள் சிலபஸில் இன்னும் ஐ.பி.சி.தான் சார், 302-ன்னு பார்த்தாலே நான் மார்க் போட்டிருப்பேன்” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பையனுக்கு இரண்டு மதிப்பெண் போனது போனதுதான்.

தமிழ்நாட்டில் குற்றவியல் புதிய படிப்பு ஒன்றும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எப்போதோ தனித்துறை வந்துவிட்டது, திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஒரு துறை இருக்கிறது, இவை போக இணைப்புக் கல்லூரிகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும். பட்டத்தின் பெயரே ஆளுக்கொரு மாதிரி: ஓரிடத்தில் வெறும் குற்றவியல், இன்னோரிடத்தில் குற்றவியலும் காவல் நிர்வாகமும், வேறோரிடத்தில் குற்றவியல் நீதி. இவற்றை ஒரு தடத்துக்குக் கொண்டுவரும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்றால், இரண்டு முறை இப்படி ஒரு பொதுக்குழுவில் உட்கார்ந்து, ஒரு முறை முழுசாகச் சொதப்பியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதல் முறை நாங்கள் செய்த தவறு, பாடங்களின் பெயரில் ஆரம்பித்தது. ‘தண்டனையியல்’ என்று வைப்பதா ‘சீர்திருத்த நிர்வாகம்’ என்று வைப்பதா என்பதில் ஒரு முழு முற்பகல் போனது. மதியம் சாப்பாடு, அப்புறம் பாதிப் பேர் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். பெயரைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் பாடத்திட்டத்தோடு கூடவே கடைசி நான்கு பருவங்களின் வினாத்தாள்களையும் கேட்டு வாங்குங்கள். ஏனென்றால் அச்சிட்ட பாடத்திட்டத்தில் ஐந்து அலகு இருக்கும், வினாத்தாளைப் பார்த்தால் மூன்றில்தான் கேள்வி வந்திருக்கும். மாணவர் உண்மையில் எதைப் படித்துவிட்டு வெளியே போகிறார் என்பது வினாத்தாளில்தான் தெரியும். ஒரு எக்செல் தாளில் கல்லூரிக்கு ஒரு பத்தி, அலகுக்கு ஒரு வரி என்று போட்டு, கேள்வி வந்த அலகுக்கு மட்டும் நிறம் அடியுங்கள். எங்கள் தாளில் சாட்சியச் சட்டத்துக்கு நிறமே விழவில்லை. எல்லா ஊரிலும் பாடத்திட்டத்தில் இருந்தது, எந்த ஊரிலும் கேள்வி இல்லை!

அடுத்து, எவ்வளவு தூரம் பொதுவாக்குவது. முழுசாக ஒன்றாக்கப் பார்க்காதீர்கள். 2023-ல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் வந்தபோது தன்னாட்சிக் கல்லூரிகளிலிருந்து எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது என்று நினைவிருக்கும். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது: சொந்தமாகப் பாடம் வகுக்கத்தானே தன்னாட்சி வாங்கியது. இளநிலைப் பட்டத்தின் 140 கிரெடிட்டில் மொழிப்பாடம், மதிப்புக் கல்வி, சுற்றுச்சூழல் என்று போக, மூன்றாம் பகுதியில், அதாவது துறைப் பாடங்கள் வரும் இடத்தில்தான் நம் ஆட்டம். அதிலும் ஐந்தே ஐந்து முதன்மைப் பாடங்களைப் பொதுவாக்கினால் போதும் என்பது என் கணக்கு: குற்றவியல் அறிமுகம், குற்றச் சட்டம், குற்ற நடைமுறையும் சாட்சியமும், தண்டனையியல், பாதிக்கப்பட்டோரியல். சைபர் குற்றம், தடய அறிவியல், தனியார் பாதுகாப்பு, கடலோரக் காவல் எல்லாம் அந்தந்தக் கல்லூரிக்கு எந்த ஆசிரியர் இருக்கிறாரோ, எந்த ஊரில் இருக்கிறதோ அதைப் பொறுத்து அவர்களே வைத்துக்கொள்ளட்டும். தூத்துக்குடிக்குக் கடல் இருக்கிறது, தருமபுரிக்கு இல்லை.

இந்த ஐந்தும் எந்தப் பருவத்தில் வரும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, அப்பாவுக்கு வேலை மாற்றல் வந்ததால் இரண்டாம் பருவம் முடிந்ததும் வேறு பல்கலைக்கழகத்துக் கல்லூரிக்குப் போனாள். பழைய கல்லூரியில் குற்றச் சட்டம் முதல் பருவத்தில், நடைமுறைச் சட்டம் நான்காவதில். புதிய கல்லூரியில் நடைமுறை இரண்டாவதில் முடிந்துவிட்டது, குற்றச் சட்டம் மூன்றாவதில். ஆக, குற்றச் சட்டத்தை இரண்டு தடவை படித்தாள், எஃப்.ஐ.ஆர். என்றால் என்ன என்பதை வகுப்பில் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. விட்டுப்போன தாளைத் தனியாக எழுத வேண்டும் என்று அவளுக்கு ஆறாம் பருவத்தில்தான் சொன்னார்கள்.

கலிஃபோர்னியாவில் இதே சிக்கலை வேறு மாதிரி அவிழ்த்திருக்கிறார்கள். அங்கே சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள் ஏராளம், அவர்களுக்காகவே 2010-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 60 அலகு (நம் கிரெடிட் மாதிரி) கல்லூரியில், அதற்குமேல் 60 அலகு பல்கலைக்கழகத்தில், அதற்கு மிஞ்சி எடுக்கச் சொல்லக் கூடாது. கல்லூரி தன் பாடத்துக்கு என்ன பெயரும் எண்ணும் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றுதான் அப்போது இருந்தது. கூடவே ஒரு பொது அடையாள எண் ஒட்டியிருக்கும். ஏ.ஜே. 110 என்றால் குற்றவியல் நீதி அறிமுகம், ஏ.ஜே. 120 என்றால் குற்றச் சட்டக் கருத்துகள், எந்தக் கல்லூரியானாலும். அந்த எண் முறைக்குப் பெயர் சி-ஐடி! போலீஸ் சி.ஐ.டி. இல்லை, ஆனால் குற்றவியல் ஆட்களுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நாமும் நம் ஐந்து பாடங்களுக்கு இப்படி ஒரு பொது எண் போட்டுக்கொண்டால் பெயர்ச் சண்டைக்கு வேலையே இல்லை.

சரி, உண்மையான வேலைக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய சட்டங்களும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஐ.பி.சி.யின் 511 பிரிவுகளுக்குப் பதில் பி.என்.எஸ். 358, குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 531, சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பி.எஸ்.ஏ. (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 170. முதல் இரண்டுக்கும் நடுவே ஒரு ‘எஸ்’தான் வித்தியாசம் என்பதால் விடைத்தாளில் மாணவர்கள் படுத்தும் பாட்டைக் கேட்காதீர்கள். வினாத்தாளில் சுருக்கப் பெயர் வேண்டாம், முழுப் பெயரையும் அச்சிடுங்கள் என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்துவிடுங்கள்.

இதற்குச் செய்ய வேண்டியது ஒரு பொது ஒப்பீட்டு அட்டவணை, எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றே ஒன்று. சந்தையில் விற்கிற அட்டவணைகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு பத்திதான் இருக்கும். அது வக்கீலுக்குப் போதும், வாத்தியாருக்குப் போதாது. மூன்றாவதாக, என்ன மாறியது என்று ஒரு பத்தி வேண்டும்: எண் மட்டும் மாறியதா, சொல்லும் மாறியதா, புதிதாக வந்ததா, எடுத்துவிட்டார்களா. நான்காவது, இது எந்தப் பாடத்தில் எந்த அலகில் வரும் என்பது.

மோசடியை எடுங்கள். 420 போய் 318(4) வந்தது. எண் மாற்றம்தான், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். (ஊர்ப் பேச்சில் ஃபோர் ட்வென்டி சாகாது, அது வேறு கதை.) பழைய நடைமுறைச் சட்டத்தின் 144-ஐ எடுத்தால் அப்படி முடியாது. கூட்டம் கூடத் தடை போடுவது இப்போது பி.என்.எஸ்.எஸ். 163. அதே சட்டத்தின் 144-இல் மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம் உட்கார்ந்திருக்கிறது, அதாவது பழைய 125. ஒரு மாணவர் ‘144 தடை உத்தரவு’ என்று எழுதினால் பழைய சட்டப்படி சரி, புதிய சட்டப்படி குடும்ப வழக்கு. இந்த மாதிரி வழுக்குகிற எண்களுக்குச் சிவப்பு அடியுங்கள்.

திருட்டு 303-க்குப் போனதோடு நிற்கவில்லை. 5,000 ரூபாய்க்குக் கீழான பொருள், முதல் முறை தண்டனை பெறுபவர், பொருளையும் திருப்பிவிட்டார் என்றால் சமூக சேவைதான் தண்டனை. அப்படியானால் இது குற்றச் சட்டத்தில் மட்டும் இருந்தால் போதுமா? தண்டனையியல் பாடத்திலும் ஒரு அலகு நகர வேண்டும், ஏனென்றால் சமூக சேவை இந்தியாவின் பொதுத் தண்டனைச் சட்டத்தில் ஒரு தண்டனையாக வருவதே இப்போதுதான். அதேபோல, போலீஸ் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது புதிய நடைமுறைச் சட்டத்தின் 193-ஆம் பிரிவில் இருக்கிறது. பாதிக்கப்பட்டோரியல் எடுக்கிறவர் அதைத் தொடாமல் போக முடியாது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்ற 176(3), தடய அறிவியல் விருப்பப்பாடத்துக்குப் போகும். இந்த நான்காவது பத்தியை நிரப்பும்போதுதான், இது சட்டப் பாடத்தை மட்டும் மாற்றும் வேலை இல்லை என்று குழுவில் இருக்கிறவர்களுக்குப் புரியும். அதுவரை “சட்டம் எடுக்கிறவர் பார்த்துக்கொள்வார்” என்று மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

மாறாதவற்றையும் அட்டவணையின் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்: சிறார் நீதிச் சட்டம் 2015, போக்சோ 2012, போதைப்பொருள் சட்டம் 1985, குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958. இல்லாவிட்டால் ஆர்வத்தில் யாராவது போக்சோவுக்கும் புதிய எண் தேடிக்கொண்டிருப்பார்.

ஐ.பி.சி.யைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். கூடாது. ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். அந்த வழக்குகள் இன்னும் பல வருஷம் நீதிமன்றத்தில் ஓடும். நான் வகுப்பில் கொடுக்கிற ஒரு கணக்கு: 2024 மே மாதம் ஒரு வீட்டில் திருட்டு, ஆகஸ்டில்தான் புகார். எந்தச் சட்டம்? குற்றப் பிரிவு ஐ.பி.சி., எஃப்.ஐ.ஆர். பதிவும் விசாரணையும் பி.என்.எஸ்.எஸ். முதல் தடவை வகுப்பில் பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள், இரண்டாவது கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். பொதுப் பாடத்தில் புதிய சட்டத்தை முழுசாகவும், பழையதை இந்த மாதிரிக் கணக்குகள் வழியாகவும் வையுங்கள். இரண்டையும் சரிபாதியாக வைத்தால் பிள்ளைகளுக்கு இரண்டுமே நிற்காது.

அரியர் வைத்திருப்பவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பழைய ரெகுலேஷனில் சேர்ந்தவருக்குப் பழைய பாடத்திட்டப்படிதான் தாள் தர வேண்டும், ஆனால் அவருக்குப் பாடம் நடத்த ஆள் இல்லை, புத்தகமும் கடையில் கிடைக்காது. பழைய தாளில் கேள்வி கேட்கலாம், புதிய சட்டத்தின் எண்ணோடு விடை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு தீர்மானம் போட்டு விடைக்குறிப்பிலேயே அச்சிட்டுவிட்டால், திருத்தும் மையத்தில் ஆளுக்கொரு நியாயம் நடக்காது.

இனி காகித வேலை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிப் பாடத்திட்டக் குழு, அதற்கு மேல் கல்விப் பேரவை. பொதுக்குழுவில் நீங்கள் எடுக்கிற முடிவு அங்கெல்லாம் போய்வந்தால்தான் செல்லும். எனவே பொதுக்குழுவுக்குத் துறைத்தலைவரை அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி, அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவில் உட்காரும் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். எங்கள் முதல் முயற்சி விழுந்தது இங்கேதான்: வந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், ஊருக்குப் போனதும் பாடத்திட்டக் குழுவில் “எங்களைக் கேட்காமல் யார் முடிவு செய்தது” என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். தீர்மானத்தின் வாசகத்தை எல்லாருக்கும் ஒன்றாகத் தட்டச்சு செய்து கையில் கொடுத்து அனுப்புங்கள். அவரவர் ஊரில் போய் எழுதினால் ஒரு சொல் மாறும், அந்த ஒரு சொல்லில் வழக்கு வரும்.

பட்டத்தின் பெயரைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னேன், இப்போது எடுங்கள். இதில் விளையாட்டு இல்லை. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அறிவிக்கையில் கேட்ட பட்டமும் கையில் உள்ள பட்டமும் சொல்லுக்குச் சொல் பொருந்தாவிட்டால், இணையானது என்று அரசாணை இருக்கிறதா எனக் கேட்பார்கள். பிள்ளை சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலையும். பெயரை ஒன்றாக்க முடியாது என்று யாராவது அடம்பிடித்தால், ஐந்து பொதுப் பாடங்களின் எண்களையாவது மதிப்பெண் பட்டியலில் அச்சிட ஒப்புக்கொள்ள வையுங்கள். இணைத்தன்மைக்கு எழுதும்போது அந்த ஐந்து எண்களைக் காட்டித்தான் பேச முடியும்.

கள வேலையில் ஒரே ஒரு விஷயம். சிறை பார்வைக்கு அனுமதி கேட்டு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டு, பருவம் தொடங்கும்போதே எல்லாக் கல்லூரிகளின் தேதிகளையும் ஒரே கடிதத்தில் போட்டுச் சிறைத்துறைக்கு அனுப்புங்கள். ஒரே வாரத்தில் நாலு கல்லூரி வந்து நின்றால் எந்தக் கண்காணிப்பாளருக்கும் எரிச்சல்தான் வரும். மாணவர் பெயர்ப் பட்டியலையும் ஆதார் நகலையும் அப்போதே இணைத்துவிடுங்கள், கடைசி நாளில் வாசலில் நிற்க வேண்டியிருக்காது.