சிவப்பு வர வேண்டும், நீலம் வரக் கூடாது: தங்க நானோ துகள் செய்முறை

ஏஆர்டி (கொவிட் விரைவுப் பரிசோதனை) கருவியில் தெரியும் செந்நிறக் கோட்டைப் பலரும் சாயம் என்றே நினைக்கிறார்கள். பெரும்பாலான கருவிகளில் அது தங்கம். 20 முதல் 40 நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்த தங்கத் துகள் பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால் நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. இந்தத் துகளைத் தயாரிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஜான் டர்கெவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 1951இல் வெளியிட்ட முறைக்குக் கொதிநீர், தங்க உப்பு, சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) மூன்றும் போதும். ஆனாலும் சிங்கப்பூரின் ஜேசி (தொடக்கக் கல்லூரி), பாலிடெக்னிக் புராஜெக்டுகளில் முதல் முயற்சியில் நீலமோ சாம்பல் நிறமோ வந்து நிற்பது சகஜம். அளவு தவறுவதால் அப்படி ஆவது குறைவு. கண்ணாடி சுத்தமாக இல்லாததும், சிட்ரேட்டை ஊற்றிய விதமும்தான் பெரும்பாலும் காரணம்.

இது ஃபியூம் ஹுட் (நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) உள்ள ஆய்வுக்கூடத்தில், பொறுப்பாளர் ஒருவர் உடனிருக்கச் செய்ய வேண்டிய வேலை. வீட்டுச் சமையலறையில் வேண்டாம். வரும் திரவம் குடிக்கவும் அல்ல, முகத்தில் பூசவும் அல்ல.

கண்ணாடியும் தண்ணீரும்

பழைய குடுவையின் சுவரில் ஒட்டியிருக்கும் தங்கப் படலம் கண்ணுக்குத் தெரியாது. புதிதாக உருவாகும் தங்கம் அதன்மேல் போய்ப் படியும். கரைசலில் துகள் குறையும், அளவு கலந்து வரும். அதனால்தான் குடுவையையும் ஸ்டிர்ரர் காந்தத்தையும் ராஜ திராவகத்தில் கழுவுகிறார்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 30 மில்லிலிட்டர், அதனுள் அடர் நைட்ரிக் அமிலம் 10 மில்லிலிட்டர். இதை ஃபியூம் ஹுட்டுக்குள், தேவைப்படும்போது மட்டும் கலக்க வேண்டும். கலவையை மூடிபோட்டு வைத்தால் வாயு அழுத்தத்தில் புட்டி வெடிக்கும். அசிட்டோன், ஆல்கஹால் பட்ட குடுவையில் ஊற்றினாலும் ஆபத்துதான். 15 நிமிடம் சுழற்றிவிட்டு, சுத்திகரித்த நீரால் பத்து முறையாவது அலசுங்கள்.

ராஜ திராவகத்துக்கு அனுமதி இல்லாத இடங்களில் மாற்று உண்டு: பொட்டாசியம் அயோடைடு 4 கிராம், அயோடின் 1 கிராம், தண்ணீர் 40 மில்லிலிட்டர். இதுவும் தங்கத்தைக் கரைக்கும். ஆனால் அயோடைடு எச்சம் தங்கத்தோடு இறுகப் பிணைந்துகொள்ளும் என்பதால் அலசுவதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். எல்லாவற்றிலும் எளிய வழி, தங்க வேலைக்கென்றே இரண்டு புதிய போரோசிலிகேட் குடுவைகளை ஒதுக்கி, வேறு எதற்கும் தொடாமல் வைப்பது. பாத்திரம் கழுவும் சோப்பு கூடவே கூடாது.

தண்ணீர் 18.2 மெகாஓம் தரத்தில், அதாவது உப்புகள் நீக்கிய மிகத் தூய நீராக, இருந்தால் நல்லது. சிங்கப்பூர்க் குழாய்நீர் குடிக்கத் தரமானதுதான். ஆனால் அதிலுள்ள உப்புகளும் கிருமிநீக்கத்துக்குச் சேர்க்கும் குளோரமினும் இந்த வேலைக்கு ஒத்துவராது. கடைசி அலசலைக்கூடக் குழாயில் செய்யாதீர்கள்.

இரண்டு கரைசல்கள்

தங்க உப்பு என்பது குளோரோஆரிக் அமிலத்தின் மூன்று நீர் மூலக்கூறு கொண்ட வடிவம்; மூலக்கூறு எடை 393.8. நம் ஊர் ஈரப்பதத்தில் புட்டியைத் திறந்த சில நிமிடங்களிலேயே தூள் நீர் இழுத்துப் பிசுபிசுத்துவிடும். தராசில் காட்டும் எடையில் எவ்வளவு தங்கம், எவ்வளவு ஈரம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எனவே 39 மில்லிகிராம், 40 மில்லிகிராம் என்று அவ்வப்போது அளக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். 1 கிராம் புட்டியை அப்படியே வாங்கி, முழுவதையும் ஒரே முறையில் 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் 1 விழுக்காட்டு இருப்புக் கரைசல் கிடைக்கும், அதாவது சுமார் 25.4 மில்லிமோலார். பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில், 4 டிகிரியில், ஒளி படாமல் வையுங்கள். எஃகுக் கரண்டியால் தொடாதீர்கள். எஃகு அரிக்கும், தங்கம் கரண்டியில் படியும். கையில் பட்டால் சில மணி நேரத்தில் தோல் ஊதா நிறமாகும், கையுறை அவசியம்.

டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 1.14 கிராமை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் 38.8 மில்லிமோலார். இதை வேலை நாளன்றே செய்யுங்கள். சிட்ரேட் கிருமிகளுக்கு நல்ல உணவு. மேசைமேல் சில நாள் கிடந்தால் மெல்லிய பஞ்சுபோல் பூசணம் மிதக்கும். அந்தக் கரைசலைப் பயன்படுத்திவிட்டு, வந்த நிறத்துக்குத் தங்க உப்பைக் குறை சொல்வது வீண்.

100 மில்லிலிட்டர், 13 நானோமீட்டர்

இருப்புக் கரைசலில் 3.94 மில்லிலிட்டர் எடுத்து, நீர் சேர்த்து 100 மில்லிலிட்டராக்குங்கள். இது 1 மில்லிமோலார், வெளிர் மஞ்சள். 250 மில்லிலிட்டர் குடுவையில் கண்டென்சர் (ஆவியைக் குளிர்வித்துத் திருப்பும் குழாய்) பொருத்தி, காந்தத்தை வேகமாகச் சுழலவிட்டுக் கொதிக்கவையுங்கள். கண்டென்சர் இல்லாவிட்டால் வாட்ச் கிளாஸ் மூடி, ஆவியாகும் அளவுக்குச் சுடுநீர் ஈடுசெய்யுங்கள். ஓரத்தில் குமிழி வருவது கொதி அல்ல. திரவம் முழுவதும் புரண்டு கொதிக்க வேண்டும்.

சிட்ரேட் கரைசலில் 10 மில்லிலிட்டரைத் தனியாக 80 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஒரே மூச்சில் ஊற்றுங்கள். ஏன் சூடாக்க வேண்டும்? அறை வெப்பத்தில் இருக்கும் 10 மில்லிலிட்டரை ஊற்றினால் குடுவையின் வெப்பநிலை 6, 7 டிகிரி சரிந்துவிடும், அதுவும் சரியக் கூடாத நேரத்தில். பிப்பெட்டால் சொட்டுச் சொட்டாக விடுவது இந்தச் செய்முறையில் நடக்கும் மிகப் பெரிய பிழை.

மஞ்சள் மறைந்து நிறமற்றதாகும். பிறகு சாம்பல், கருநீலம், ஊதா, கடைசியில் ஒயின் சிவப்பு. கருநீலத்தைப் பார்த்துப் பயந்து அடுப்பை அணைத்துவிடுபவர்கள் உண்டு, அணைக்காதீர்கள். சிவப்பு நிலைத்த பிறகும் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, சுழற்சியை நிறுத்தாமல் ஆறவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது பற்றிய புரிதல் அண்மைக் காலத்தில் வெகுவாக மாறிவிட்டது. கருநீலக் கட்டத்தில் துகள்கள் சங்கிலியாகக் கோத்து, பிறகு உடைந்து உருண்டையாகின்றன என்று முன்பு விளக்கினார்கள். யோர்க் போல்ட்டே குழுவினர் 2010 முதல் எக்ஸ்ரே சிதறல் முறையில் வினையை நொடிக்கு நொடி கண்காணித்தார்கள். விதைத் துகள்கள் தொடக்கத்திலேயே உருவாகிவிடுகின்றன, மீதித் தங்கம் அந்த விதைகளின்மேல்தான் படிகிறது என்பதை அந்த ஆய்வுகள் காட்டின. விதையின் எண்ணிக்கை அதிகமானால் துகள் சிறியது, குறைந்தால் பெரியது. சூடான சிட்ரேட், ஒரே மூச்சு, வேகமான சுழற்சி மூன்றுக்கும் காரணம் இதுதான். சிட்ரேட் இங்கே பிஎச்சையும் நிர்ணயிக்கிறது என்பது அதே ஆய்வுகளின் இன்னொரு முடிவு. ஆகவே தங்கம் எவ்வளவு, சிட்ரேட் எவ்வளவு என்ற விகிதத்தை மாற்றினால் இரண்டு விஷயங்கள் ஒருசேர மாறும்.

முறையைத் தலைகீழாக்கியும் செய்யலாம்: கொதிக்கும் சிட்ரேட்டில் தங்கத்தை ஊற்றுவது. இதில் துகள் சிறியதாகவும் ஒரே சீராகவும் வரும். சீரான அளவு முக்கியம் என்றால் நம் பரிந்துரை இதுதான்.

40 நானோமீட்டர் வேண்டுமென்றால்

ஃப்ரென்ஸ் என்ற ஆய்வாளர் 1973இல் தந்த அளவுகள் இன்றும் நிற்கின்றன. 0.01 விழுக்காட்டுத் தங்கக் கரைசல் 50 மில்லிலிட்டர் (இருப்பிலிருந்து அரை மில்லிலிட்டர், மீதி நீர்) கொதிக்கும்போது 1 விழுக்காட்டு சிட்ரேட் 1 மில்லிலிட்டர் சேர்த்தால் 16 நானோமீட்டர், 0.75 சேர்த்தால் 24.5, 0.5 சேர்த்தால் 41 நானோமீட்டர். அதற்குக் கீழே போகலாம், 0.3இல் 71.5 என்று அவரே காட்டியிருக்கிறார். ஆனால் 50 நானோமீட்டரைத் தாண்டினால் உருண்டை வடிவமும் அளவும் கலையத் தொடங்கும். பெரிய துகளுக்குச் சிறிய துகளையே விதையாக வைத்துப் படிப்படியாக வளர்ப்பது மேல்.

வந்தது சரியா?

கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் யுவி-விஸ் கருவியில் 400 முதல் 800 நானோமீட்டர் வரை அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் குவெட் (கரைசலை ஊற்றும் சிறு கலம்) போதும். 13 நானோமீட்டர் கரைசலை அப்படியே வைத்தால் உறிஞ்சலின் உச்சி 3ஐத் தாண்டி, கருவியின் எல்லையில் முட்டும். ஐந்து மடங்கு நீர்த்து வையுங்கள். உச்சி 519, 520 நானோமீட்டரில் வர வேண்டும். 40 நானோமீட்டர் துகளுக்கு 526 சுற்றி. அளவைக் கணிக்க ஹைஸ் குழுவினர் 2007இல் தந்த குறுக்குவழி கைகொடுக்கும்: உச்சியின் உறிஞ்சல் மதிப்பை 450இல் உள்ள மதிப்பால் வகுங்கள். 1.50 என்றால் 10 நானோமீட்டர், 1.61 என்றால் 14, 1.73 என்றால் 20, 1.96 என்றால் 40. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு முறை வரும்வரை காத்திருக்கும் மாணவருக்கு இது பெரிய உதவி. செறிவுக்கு, 520இல் உள்ள உறிஞ்சலை 27 கோடியால் வகுத்தால் மோலாரில் துகள் செறிவு கிடைக்கும். இது 13 நானோமீட்டருக்கு மட்டும் பொருந்தும் எண். நீர்த்த மடங்கைப் பெருக்க மறக்காதீர்கள்.

650 நானோமீட்டர் அருகே வரைகோட்டின் வால் உயர்ந்திருந்தால் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பதானால் குறைந்த சக்தி கொண்ட சிவப்பு லேசரை எடுங்கள். பச்சையைத் தங்கமே விழுங்கிவிடும்.

நீலமாக வந்தால் உப்போ சோப்போ கலந்திருக்கும், அல்லது சிட்ரேட் குறைந்திருக்கும். குடுவைச் சுவரில் பொன் கண்ணாடிபோல் படிந்தால் பழைய தங்கம் ஒட்டியிருந்தது. நிறமே வராவிட்டால் இருப்புக் கரைசல் ஒளி பட்டுக் கெட்டிருக்கலாம். அடியில் படிவு இருக்கிறதா பாருங்கள். சிவப்பு வந்து மறுநாள் ஊதாவானால் சேமித்த புட்டிதான் அழுக்கு.

எதிர்ப்பொருளையோ டிஎன்ஏயையோ ஏற்றுதல்

ஏஆர்டி வகைக் கருவிக்கு 40 நானோமீட்டர் துகளின்மேல் எதிர்ப்பொருளை ஏற்ற வேண்டும். முதலில் 0.1 மோலார் பொட்டாசியம் கார்பனேட்டைத் துளித்துளியாக விட்டு பிஎச்சை 8.5 முதல் 9 வரை கொண்டுவாருங்கள். பிஎச் மீட்டரின் முனையை வெறும் தங்கக் கரைசலில் அமிழ்த்தக் கூடாது, தங்கம் அதன் துளைகளை அடைத்துவிடும். பிஎச் தாள் போதும். பிறகு பத்துச் சிறு குழாய்களில் 1 மில்லிலிட்டர் தங்கம் ஊற்றி, எதிர்ப்பொருளை 0 முதல் 18 மைக்ரோகிராம் வரை இரண்டிரண்டாக ஏற்றி, பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொன்றிலும் 10 விழுக்காட்டு சோடியம் குளோரைடு 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். போதுமான புரதம் போர்த்தாத குழாய் கண்ணெதிரே நீலமாகும். சிவப்பாகவே நிற்கும் முதல் குழாயின் அளவை எடுத்துக்கொண்டு, அதற்குமேல் பத்து, இருபது விழுக்காடு கூட்டிப் பயன்படுத்துங்கள். எதிர்ப்பொருள் விலையைப் பார்த்து இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் கடைசியில் இருமடங்கு செலவழிக்கிறார்கள். எஞ்சிய இடத்தை 1 விழுக்காட்டு பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) கொண்டு மூடுங்கள்.

இந்தத் தங்கத்தை ஏற்றிக் காயவைத்த சோதனைப் பட்டைகளைச் சிலிக்கா ஜெல்லோடு அலுமினிய உறையில் உடனே அடைத்துவிட வேண்டும். குளிரூட்டி நிறுத்தப்பட்ட அறையில் ஓர் இரவு திறந்து கிடந்த பட்டை, ஈரம் இழுத்து, ஓடும் வேகம் மாறிப்போகும். வீட்டு ஏஆர்டியின் உறையைச் சோதனை செய்யும் நேரத்தில்தான் பிரிக்கச் சொல்வதும் இதற்காகவே.

டிஎன்ஏ ஏற்ற முன்பு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2017இல் பிவு லியூவும் ஜுவென் லியூவும் வெளியிட்ட முறை அதை ஒரு பிற்பகல் வேலையாக்கிவிட்டது. 10 நானோமோலார் செறிவுள்ள 13 நானோமீட்டர் தங்கம் 100 மைக்ரோலிட்டருடன், தயால் (தங்கத்தோடு ஒட்டும் கந்தகத் தொகுதி) முனை கொண்ட டிஎன்ஏ (100 மைக்ரோமோலார்) 3 மைக்ரோலிட்டர் கலந்து, கழித்தல் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்து, அறை வெப்பத்தில் உருகவிடுங்கள். பனிக்கட்டி உருவாகும்போது டிஎன்ஏயும் உப்பும் தங்கமும் இடுக்குகளில் நெருக்கப்படுவதால் பிணைப்பு விரைவாக நடக்கிறது. உருகியபின் சிவப்பாக இருந்தால் ஏறிவிட்டது. டிஎன்ஏ இல்லாத ஒரு குழாயையும் பக்கத்தில் உறையவையுங்கள். அது நிறம் இழக்கும். வெறும் தங்கக் கரைசலை உறைபெட்டியில் ஒருபோதும் சேமிக்கக் கூடாது என்பதற்கும் அந்தக் குழாயே சாட்சி. சேமிக்க 4 டிகிரி குளிர்பெட்டி சரியான இடம்.

கழிவு

தங்கக் கரைசல், குளோரோஆரிக் அமிலம் எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். இங்கே கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு நியூவாட்டராகத் திரும்பி வரும் நீர். தங்கக் கழிவுக்குத் தனிப் புட்டி, அமிலத்துக்குத் தனிப் புட்டி, இரண்டிலும் பெயரும் தேதியும். பயன்படுத்திய ராஜ திராவகத்தை ஃபியூம் ஹுட்டில் திறந்தபடி இரவு முழுவதும் விட்டு, வாயு அடங்கியபின் அமிலப் புட்டியில் சேர்க்கலாம். அந்தப் புட்டிக்கும் காற்றுத் துளையுள்ள மூடியே போட வேண்டும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுக் கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடம் தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தங்கப் புட்டி நிரம்பினால் அதற்கு மட்டும், மீட்டெடுக்கும் நிறுவனம் ஏதேனும் வாங்கிக்கொள்ளுமா என்றும் கேட்கலாம்.